ஈறு நிறத்தில் ஒரு ரிப்பன்

மச்சான்: ஊதாதீங்க மாமா.

மாமா: ஊதுனா சீக்கிரம் காயும்ல.

மச்சான்: காயாது, உங்க எச்சில்தான் ஒட்டும். மதியம் பச்சை வெங்காயம் சாப்ட்டீங்களா?

மாமா: ஆமா, ஏன்?

மச்சான்: கேக் மேல பூ முடிச்சா உக்காரப் போற ரிப்பன் இது. சர்க்கரை ரிப்பன்லேருந்து வெங்காய வாசனை வந்தா நல்லாவா இருக்கும்?

மாமா: சரி சரி, ஊதல... இப்போ பாரு. நிக்குதா?

மச்சான்: நிக்குது.

மாமா: நிக்குதுல்ல?

மச்சான்: நின்னுச்சு. இப்போ சாயுது.

மாமா: எந்தக் காது?

மச்சான்: இடது காது. இருங்க... வலது காதும் கிளம்பிடுச்சு. போச்சு. படுத்துருச்சு.

மாமா: ச்சே.

மச்சான்: நனைஞ்ச ஜட்டியை உதறாம கொடியில போட்ட மாதிரியே இருக்கு.

மாமா: வாயைக் கழுவுடா. உங்கக்கா மூணு நாளா தவம் கெடந்து பண்ணது இது.

மச்சான்: அக்கா பண்ணது ரிப்பன். நாம பண்ணது ஜட்டி. அதுவும் ரெண்டாவது ஜட்டி.

மாமா: உன்னை எதுக்குடா கூப்பிட்டேன்? பல் டாக்டராச்சே, கை நுணுக்கமா வேலை செய்யும்னு நம்பிக் கூப்பிட்டேன்.

மச்சான்: எத்தனை தடவை சொல்றது? நான் பல் டாக்டர் இல்ல, பல் செட் செய்யறவன். பொண்ணு பாக்க வந்தப்போ எங்க வீட்டுல டாக்டர்னு சொல்லியிருந்தா, அதுக்கு நான் பொறுப்பில்ல.

மாமா: மச்சான் டாக்டர்னுதான்டா நான் சரின்னே சொன்னேன்.

மச்சான்: நீங்க மட்டும்? ஓட்டுநர் பயிற்சி நிறுவனத்துல அதிகாரின்னாங்க. வந்து பாத்தா, பக்கத்து சீட்டுல உக்காந்து பிரேக்கை மிதிக்கிற ஆளு.

மாமா: அந்தப் பிரேக் இல்லன்னா இந்த ஊர்ல பாதிப் பேரு உயிரோட இருக்க மாட்டான், தெரிஞ்சுக்க. சரி, மாவை உருட்டு. மூணாவது போடுவோம்.

மச்சான்: உருட்டலாம். ஆனா ஒண்ணு கேக்கறேன். அக்காவோட ரிப்பனை எப்படித்தான் உடைச்சீங்க?

மாமா: சொன்னேனே.

மச்சான்: போன்ல அவசரமா சொன்னீங்க. பதறியடிச்சு வந்ததுல பாதி காதுல விழல.

மாமா: சாப்பிட வீட்டுக்கு வந்தேன். வந்ததும் ஹெல்மெட்டைக் கழட்டி, எப்பவும் வெக்கிற பலகையில வெச்சேன். அங்க இந்த ரிப்பன் இருந்துருக்கு. பாக்கல. அவ்வளவுதான் கதை.

மச்சான்: அதெப்படிப் பாக்காம இருப்பீங்க? கண்ணாடியைப் பாரு, கண்ணாடியைப் பாருன்னு நாள் முழுக்க அடுத்தவனைத் திட்டறவரு.

மாமா: ரோட்டுல பாப்பேன். வீட்டுல எதுக்குப் பாக்கணும்?

மச்சான்: உடைஞ்சதை எங்க வெச்சீங்க?

மாமா: அந்தத் தட்டுல இருக்கு... ஏய், எதுக்கு அதைக் கையில எடுக்கற?

மச்சான்: மாமா... இது மூணே துண்டுதான் இருக்கு.

மாமா: அதனால?

மச்சான்: ஹெல்மெட் மேல உக்காந்திருந்தா நொறுங்கிப் பொடியாயிருக்கணும். இது கீழ விழுந்து உடைஞ்ச உடைப்பு.

மாமா: நீ என்ன போலீஸா?

மச்சான்: அதைவிட மோசம். உடைஞ்ச பல் செட்டைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு வருவாங்க. முறுக்கு கடிச்சேன், உடைஞ்சிருச்சும்பாங்க. பாத்த உடனே தெரியும், பாத்ரூம்ல தேய்க்கும்போது கை நழுவிக் கீழ போட்டிருக்காங்கன்னு.

மாமா: ஹெல்மெட் இடிச்சு... கீழ விழுந்துச்சு. போதுமா?

மச்சான்: மேல வெச்சேன்னீங்க.

மாமா: வெச்சேன், இடிச்சேன், விழுந்துச்சு. உடைச்சவன் நான்தான்னு நானே ஒத்துக்கறேன், நீ எதுக்குடா வக்கீல் வேலை பாக்கற? மாவை உருட்டு.

மச்சான்: உருட்டறேன், உருட்டறேன். ஆனா வெறும் மாவுக்கு இது நிக்காது மாமா. அக்கா ஏதோ ஒரு பொடி கலப்பா. கெட்டியாகறதுக்கு.

மாமா: இங்க இருக்கற எல்லா டப்பாவுலயும் வெள்ளைப் பொடிதான் இருக்கு. ஒண்ணுலயும் பேரு எழுதல.

மச்சான்: முதல் தடவை எதைப் போட்டீங்க?

மாமா: இந்த நீல மூடி.

மச்சான்: இது சோள மாவு. ரெண்டாவது தடவை?

மாமா: அந்தப் பச்சை மூடி.

மச்சான்: நாக்குல வெச்சுப் பாக்கறேன்... தூ. சமையல் சோடா.

மாமா: அதான் அப்படி உப்புச்சா? நான் உயிர் வந்துருச்சுன்னு நினைச்சேன்.

மச்சான்: அக்காவுக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுருங்களேன்.

மாமா: கேட்டா, நாம இங்க என்ன பண்றோம்னு தெரிஞ்சுடும்.

மச்சான்: தெரிஞ்சா நல்லதுதானே? நம்ம புருஷன் நமக்காக மாவெல்லாம் பிசையறாரேன்னு உருகிடுவா.

மாமா: உருகமாட்டா. அவ எங்கிட்ட வேற ஒண்ணு பண்ணச் சொன்னா.

மச்சான்: என்னது?

மாமா: ஓட்டலுக்குப் போன் பண்ணி, கேக் கொண்டு வர முடியலன்னு சொல்லச் சொன்னா. "உங்களாலதானே போச்சு, நீங்களே சொல்லுங்க"ன்னா.

மச்சான்: ஐயோ. அந்தப் பெரிய ஓட்டல்தானே? கேக் புடிச்சிருந்தா அவங்க கல்யாண மண்டபத்து ஆர்டர் மொத்தத்தையும் அக்காவுக்கே தர்றேன்னாங்களே?

மாமா: அதேதான். சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்க தலைமை சமையல்காரர் பாக்கறதா ஏற்பாடு. கேக்கெல்லாம் தயாரா உள் ரூம்ல இருக்கு. ரிப்பன்தான் இல்ல.

மச்சான்: ரிப்பன் இல்லாம கொண்டு போனா?

மாமா: அந்த ஆளு கேட்டதே ரிப்பன்தான்டா. கேக் எல்லாரும் சுடுவாங்க, காத்துல நிக்கற ரிப்பன் பண்ணத் தெரியுமான்னு கேட்டிருக்கான்.

மச்சான்: சரி... ஓட்டலுக்குச் சொல்லிட்டீங்களா?

மாமா: சொல்லல.

மச்சான்: அக்காகிட்ட?

மாமா: சொல்லிட்டேன்னு சொல்லிட்டேன்.

மச்சான்: செத்தீங்க.

மாமா: அதுக்குத்தான் துணைக்கு உன்னைக் கூப்பிட்டேன்.

மச்சான்: இப்போ எங்க இருக்கா?

மாமா: காலையில கேக்குக்கு அட்டைப்பெட்டி வாங்கப் போனா. இனிமே பெட்டி எதுக்குன்னு, சிநேகிதி வீட்டுலயே உக்காந்துட்டா. அழுதுக்கிட்டு இருப்பா.

மச்சான்: சரி, உங்க வண்டியைக் குடுங்க. கடைவீதிக்குப் பறந்து போயி அந்தப் பொடியைக் கேட்டு வாங்கிட்டு வந்துடறேன்... ஆமா, வாசல்ல வண்டியைக் காணோமே?

மாமா: அது... பின்பக்கம் நிக்குது. பெட்ரோல் இல்ல.

மச்சான்: பெட்ரோல் இல்லாம எப்படி வந்தீங்க?

மாமா: வந்ததுலதான் தீந்துச்சு. எப்பப் பாத்தாலும் கேள்வி. உன் பையில என்னடா இருக்கு, இவ்வளவு பெருசா?

மச்சான்: வேலைச் சாமான். லேப்லேருந்து நேரா வர்றேன்ல. செதுக்கற கத்தி, பஞ்சு, ஈறு பவுடர்...

மாமா: ஈறு பவுடரா?

மச்சான்: பல் செட்டுல ரோஸ் கலர்ல ஈறு இருக்கும்ல, அதுக்கானது. பவுடரும் தண்ணி மாதிரி ஒரு மருந்தும். ரெண்டையும் கலந்தா மாவு மாதிரி வரும், வேணுங்கற மாதிரி வளைச்சு வெச்சா கொஞ்ச நேரத்துல கல்லு மாதிரி... மாமா, அப்படிப் பாக்காதீங்க.

மாமா: கல்லு மாதிரி ஆகுமா?

மச்சான்: வேணாம் மாமா.

மாமா: ரோஸ் கலர்தானே?

மச்சான்: அது பிளாஸ்டிக்!

மாமா: அலங்காரத்துக்குத்தானேடா. ரிப்பனை யாரு திங்கப் போறா?

மச்சான்: சமையல்காரன் திம்பான். அவன் வேலையே திங்கறதுதான்.

மாமா: தின்னு பல்லு போனா?

மச்சான்: போனா... எங்ககிட்டதான் வரணும்.

மாமா: பாத்தியா, குடும்பத்துக்கே வியாபாரம்.

மச்சான்: மாமா, விளையாடறீங்களா, நெஜமாவா?

மாமா: மாப்ள... கேளு. அந்த ஓட்டல்லேருந்து கூப்பிட்ட நாள்லேருந்து உங்கக்கா சரியாத் தூங்கல. கையைக் கழுவறா, துடைக்கறா, மறுபடி கழுவறா. எங்கிட்ட ஒழுங்காப் பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அவ அங்க போயி நின்னுட்டா போதும். வேலை கெடைக்காட்டியும் பரவால்ல, போகாம விட்டுட்டோம்னு மட்டும் இருக்கக் கூடாது. எனக்கு அவளை நினைச்சா பாவமா இருக்குடா.

மச்சான்: இப்படிப் பேசினா நான் என்ன பண்றது... அந்தத் தட்டை இப்படித் தள்ளுங்க. ஜன்னலைத் திறங்க, மருந்து நாறும். கையை வெக்காதீங்க.

மாமா: வெக்கல.

மச்சான்: ரெண்டு பட்டை காதுக்கு. ரெண்டு பட்டை வாலுக்கு. நடுவுல முடிச்சுக்கு ஒரு துண்டு. காதுக்குள்ள பஞ்சு வெச்சு வளைக்கறேன், இல்லன்னா தட்டையாயிடும்.

மாமா: அடேயப்பா. கை பேசுதுடா உனக்கு.

மச்சான்: வாயை மூடிக்கிட்டு அந்த வாலைப் புடிங்க. நுனியில. நுனியிலன்னா நுனியில!

மாமா: சூடா இருக்கே?

மச்சான்: இறுகும்போது சுடும்... ஆச்சு. விடுங்க. மெதுவா.

மாமா: நிக்குதுடா.

மச்சான்: நிக்கும். இனிமே இந்த வீடு இடிஞ்சாலும் இது நிக்கும்.

மாமா: ஆனா... உள்ள என்னடா சிவப்பா இழை இழையா ஓடுது?

மச்சான்: ரத்தக் குழாய்.

மாமா: என்னது?

மச்சான்: ஈறு அசலாத் தெரியணும்ல, அதுக்குப் பொடிப்பொடியா சிவப்பு நூல் கலந்திருப்பான். நல்ல ஐட்டம் மாமா இது, விலை ஜாஸ்தி.

மாமா: கல்யாண கேக் மேல நரம்பு ஓடற ரிப்பனா!

மச்சான்: மேல சர்க்கரைத் தூளைத் தூவிட்டா தெரியாது... மாமா. கேட் சத்தம்.

மாமா: அவதான். தட்டை மூடு. மூடு! அந்தத் துணியைப் போடு.

மச்சான்: நான் எதுக்கு வந்தேன்னு சொல்றது?

மாமா: எனக்குப் பல் வலின்னு சொல்லு.

அக்கா: என்ன நாத்தம் இது? வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சீங்களா?

மாமா: வா வா. வந்துட்டியா?

அக்கா: கடவுளே, என்னோட சமையல் மேடையா இது? ஒரே மாவாக் கெடக்கு. டேய், நீ இங்க என்னடா பண்ற?

மச்சான்: மாமாவுக்குப் பல் வலிக்கா. அதான் ஓடி வந்தேன்.

மாமா: உயிர் போகுது.

அக்கா: எந்தப் பல்லு?

மாமா: மேல.

மச்சான்: கீழ.

அக்கா: ம்... ரெண்டு பேரு தலையிலயும் மாவு. மூக்குல மாவு. அந்தத் துணிக்குக் கீழ என்ன?

மாமா: ஒண்ணுமில்லம்மா.

அக்கா: தள்ளுங்க... ஓ. யாரு பண்ணா இதை?

மச்சான்: ரெண்டு பேரும்.

அக்கா: நல்லா... காது நல்லா எழும்பி நிக்குதே. இந்த வளைவு எனக்கே வரலியே. எப்படிடா இவ்வளவு சீக்கிரம் காஞ்சுது... ஏன் டொக்கு டொக்குன்னு சத்தம் வருது?

மச்சான்: நகத்தால தட்டினா அப்படித்தான்...

அக்கா: உள்ள சிவப்பா என்ன அது? டேய். இது பல் செட் ஈறுதானே?

மச்சான்: மாமாதான் சொன்னாரு!

மாமா: நீதான்டா பையைத் திறந்தே!

அக்கா: பல் செட்டை எடுத்து என் கேக்ல வெக்கப் பாத்தீங்களா? எதுக்கு? ஓட்டலுக்குத்தான் வரலன்னு சொல்லியாச்சே, அப்புறம் யாருக்கு இந்தக் கூத்து?

மச்சான்: நான் அப்படி முன்ரூம்ல இருக்கட்டுமா மாமா?

மாமா: இங்கேயே இரு.

அக்கா: சொல்லிட்டீங்கல்ல?

மாமா: லைன் கெடைக்கல.

அக்கா: என்னைப் பாத்துச் சொல்லுங்க.

மாமா: ...பண்ணவே இல்ல.

அக்கா: அப்போ அந்த ஆளு... என்னை எதிர்பாத்துக்கிட்டு இருக்கானா?

மாமா: ஆமா.

அக்கா: யாரு உங்களைக் கேட்டா? ஒரு வேலை சொன்னா அதை மட்டும் பண்ண மாட்டீங்களா? இவனை வேற கூப்பிட்டு, ஊரைக் கூட்டி... நிம்மதியா விட்டுத் தொலைக்கலாம்னு பாத்தா விடறீங்களா நீங்க?

மச்சான்: அக்கா, பாவம் அவரு. தான் உடைச்சதுக்குப் பிராயச்சித்தமா மதியம் சாப்ட்டது செரிக்கற அளவுக்கு மாவு பிசைஞ்சிருக்காரு.

அக்கா: அவரு உடைக்கலடா!

மச்சான்: என்னது?

மாமா: விடும்மா. தண்ணி குடி.

அக்கா: நான்தான் உடைச்சேன். காலையில எடுத்துப் பாக்கும்போது கை நழுவி தரையில விழுந்துடுச்சு. துண்டைப் பொறுக்கி, ஒண்ணோட ஒண்ணைச் சாய்ச்சு முழுசா நிக்கற மாதிரி வெச்சு... அவரு ஹெல்மெட் வெக்கிற பலகையில கொண்டு போயி வெச்சேன்.

மச்சான்: அக்கா!

அக்கா: வரும்போதே கண்ணை மூடிக்கிட்டுத்தானே அதைத் தூக்கிப் போடுவாரு. அவராலதான் உடைஞ்சுதுன்னு ஆயிடும்னு நினைச்சேன்.

மச்சான்: நீயெல்லாம் ஒரு பொம்பளையா? கட்டின புருஷனை இப்படியா மாட்டி விடுவே?

அக்கா: பயமா இருந்துச்சுடா. ஒரு மத்தியானத்துல முடிக்கிற ரிப்பனை மூணு நாளா பண்றேன், அழிக்கறேன், மறுபடி பண்றேன். தெருவுல பொறந்தநாளுக்குக் கேக் பண்றப்போ எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. அந்த ஆளு பாத்து மூஞ்சியைச் சுளிச்சா? அப்புறம் நான் யாரு? அதுக்கு, எங்க வீட்டுக்காரரு நசுக்கிட்டாரு, இல்லன்னா நான் எங்கேயோ போயிருப்பேன்னு ஆயுசுக்கும் சொல்லிக்கிட்டே இருந்துடலாம். அது ஒரு சுகம்.

மச்சான்: அதான் மூணே துண்டு. நான் சொன்னேன்ல மாமா, கீழ விழுந்த உடைப்புன்னு? சொன்னேன்ல?

மாமா: சொன்னடா ராசா.

அக்கா: கோவமா?

மாமா: எதுக்கு? டிரைவிங் ஸ்கூல்ல நாள் முழுக்க அடுத்தவன் இடிக்கிறதுக்கெல்லாம் நான்தான் திட்டு வாங்கறேன். வீட்டுலயும் ஒண்ணு.

அக்கா: ...மணி என்ன?

மாமா: நேரம் இருக்கு.

அக்கா: டேய், அந்த காபி டப்பாவை எடு.

மச்சான்: இந்த நேரத்துல காபியா?

அக்கா: அதுலதான்டா கெட்டியாக்கற பொடி இருக்கு. ஈரம் படாம இருக்க அதுல போட்டு வெப்பேன்.

மச்சான்: மாமா... கண் முன்னாடியே இருந்திருக்கு.

அக்கா: பொடியைக் கொஞ்சம் கூடவே போட்டு, மெல்லிசாத் தேச்சு, ஃபேனுக்குக் கீழ வெச்சா ஆறு மணிக்குள்ள நின்னுடும். காதுக்குள்ள வெக்க டிஷ்யூ தீந்துடுச்சே.

மச்சான்: என்கிட்ட பஞ்சு உருளை இருக்கு. புது பாக்கெட், பிரிக்கவே இல்ல.

அக்கா: குடு. போற வரைக்கும் உள்ளயே இருக்கட்டும், அங்க போயி உருவிக்கலாம். அந்த பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுடாத. இங்க வை, அளவு பாக்கணும். காது வளைவு நல்லாத்தான் வந்திருக்கு, நாசமாப் போறவனே.

மச்சான்: நன்றிக்கா.

அக்கா: பெரிசா சிரிக்காத. மாவைப் புடி. ஏங்க, நீங்க அங்க ஏன் நிக்கறீங்க? போயி சட்டையை மாத்துங்க, கேக்கைத் தூக்க ஆள் வேணும்ல. அப்புறம், இந்த ரிப்பனையாவது ஒழுங்கா இருக்க விடுங்க. எங்க அந்த ஹெல்மெட்? உள் ரூம்ல கேக் பக்கத்துல வெச்சுத் தொலைச்சிருக்கீங்களா?

மாமா: ஹெல்மெட்டா... அது நேத்து சாயங்காலத்துலேருந்து மெக்கானிக் கடையில கெடக்கும்மா, வண்டியோட. நான் பஸ்லதான் போயிட்டு வர்றேன். மத்தியானம் பலகையில துண்டு துண்டாக் கெடக்கறதைப் பாத்துட்டுப் போன் பண்ணா, நீ எடுத்ததுமே, "ஹெல்மெட்டை அது மேல வெச்சுட்டீங்களா"ன்னு கேட்டியா... உன் குரலைக் கேட்டதும் ஆமான்னு சொல்லணும் போல இருந்துச்சு, சொல்லிட்டேன்.